நடந்து வரும் தூரத்தில் ஒரு திடல்

பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய திடல் வேண்டும். எங்கள் காற்பந்துக் கழகம் தேடுவது அதைத்தான். நல்ல புல், விளக்கு, உடை மாற்ற ஓர் அறை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இப்படிச் சொன்னால் எங்கள் நிர்வாகக் குழுவிலேயே சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆகவே என் தரப்பு நியாயத்தை இங்கே முழுதாக எழுதிவைக்கிறேன்.

கோலாலம்பூரின் செந்தூல் அடுக்குமாடி வீடுகளில் வளரும் பிள்ளைகளை வைத்து நடக்கும் சிறிய கழகம் எங்களுடையது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர், வேலைக்குப் போகும் இளைஞர்கள் என்று மூன்று அணிகள். போன வருடம் பெண்பிள்ளைகளுக்கும் ஓர் அணி தொடங்கினோம். செயலாளர் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. கடிதம் எழுதுவதும் சந்தா வசூலிப்பதும் போக, இப்போது என் மாலைப்பொழுதெல்லாம் திடல் தேடுவதிலேயே கழிகிறது. லீக் விண்ணப்பப் படிவத்தில் ‘சொந்தத் திடல்’ என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுக் கொடுக்க முடியாதே.

கோலாலம்பூரில் திடலுக்கா பஞ்சம் என்று கேட்பார்கள். திடல்கள் இருக்கின்றன, நமக்கு வேண்டிய நேரத்தில் அவை காலியாக இல்லை. ஒன்றில் சனிக்கிழமைகளில் ரக்பி. இன்னொன்றின் பாதியை இரவுச் சந்தைக்கு வருகிறவர்களின் வாகனங்கள் பிடித்துக்கொள்கின்றன. ஒரு பள்ளியின் தலைமையாசிரியை மனமுவந்து சரி என்றார். ஆனால் காவலாளி ஆறரைக்கு வாயிலைப் பூட்டியாக வேண்டும். எங்கள் இளைஞர்கள் வேலை முடிந்து, ஜாலான் ஈப்போ நெரிசலில் ஊர்ந்து வந்து சேர்வதே ஆறே கால் மணிக்கு. இந்த ஊரில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் சூரியன் மறைந்துவிடும். விளக்கில்லாத திடலில் நமக்குக் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம்தான். அதையும் பூட்டிவிட்டால் என்ன மிஞ்சும்?

வாடகைக்குக் கிடைக்கும் செயற்கைப் புல் திடல்களையும் பார்த்தோம். விளக்கு பளிச்சென்று எரிகிறது. கோடுகள் நேராக இருக்கின்றன. ஆனால் எங்கள் பையன்களின் ஒரு மாதச் சந்தாவை ஒரே மாலைப்பொழுது விழுங்கிவிடுகிறது. நான்கு மணி வெயிலில் அந்தப் புல்லில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அடியில் கிடக்கும் கறுப்பு ரப்பர் துகள்கள் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு பூட்ஸுக்குள் பிள்ளையின் பாதத்தைச் சுடும்.

சிகாம்புட் பக்கம் உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே ஓர் அகலமான புல்வெளி இருக்கிறது. முதலில் பார்த்தபோது எல்லோருக்கும் ஆசை வந்தது. அங்கே ஒரு கம்பமோ கூரையோ நடக் கூடாது. அது சரியான விதிதான். ஆனால் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை நேர இடிமழை இந்த ஊரில் எப்படிக் கொட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒதுங்க ஓர் ஓட்டுக் கூரைகூட இல்லாத வெட்டவெளியில் பிறர் பெற்ற பிள்ளைகளை நிறுத்திவைக்க என் மனம் ஒப்பவில்லை.

மிச்சம் இருப்பது எங்கள் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இருக்கும் திடல். அதைப் பற்றித்தான் இத்தனை சண்டையும்.

அளவு நாடாவின் ஒரு முனையைப் பயிற்சியாளர் அண்ணன் பிடிக்க, மறுமுனையை என் மகன் பிடித்துக்கொண்டு ஓடினான். நீளம் 82 மீட்டர். காற்பந்து விதிப்படி குறைந்தது 90 மீட்டர் வேண்டும். அகலம் 51; விதி கேட்பது 45, அதில் குறையில்லை. நீளத்தைக் கூட்டவும் வழியில்லை. ஒரு பக்கம் பெரிய வடிகால், மறுபக்கம் குடியிருப்பாளர்கள் கார் நிறுத்தும் இடம். வடிகாலில் பந்து விழாத நாளே கிடையாது. அதற்கென்றே நீண்ட மூங்கிலின் நுனியில் பழைய வலைக்கூடை ஒன்றைக் கட்டிவைத்திருக்கிறார்கள். பந்து விழுந்ததும் ஒரு பொடியன் யாரும் சொல்லாமலே ஓடிப்போய் மூங்கிலை எடுத்து, நீரோட்டத்துக்கு முந்திக்கொண்டு நின்று பந்தை அள்ளிவிடுவான்.

மழை விட்டு அரைமணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் திடலின் குணம் தெரியும். நடுவில் மேடாக இருப்பதால் தண்ணீர் இருபுறமும் வழிந்துவிடுகிறது. அகல இலைப் புல் அங்கே அடர்த்தியாகப் பிடித்திருக்கிறது. குதிகாலை ஊன்றினால் மண் தாங்குகிறது. வடக்குக் கோல் வாயில் மட்டும் புல்லே இல்லை. கோல் காவலர்கள் நின்று நின்று குழியாகிவிட்ட இடம் அது. அங்கே குதிகாலை அழுத்தினால் கணுக்கால்வரை இறங்குகிறது. எடுத்த இடத்தில் சேற்றுநீர் ஊறி நிற்கிறது. ஆற்றுமணல் கலந்து நிரப்பி, புல்பத்தை பதித்து, சில வாரங்கள் யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டால் சரியாகிவிடும். இது தீர்க்கக்கூடிய குறை.

அந்தத் திடலோரம் தினமும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருகிறார் ஓர் ஐயா. செந்தூல் ரயில் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆர். ஆறுமுகம் மெர்டேக்கா அரங்கில் கோல் காத்ததை நேரில் பார்த்தவர். ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே கொண்டாடிய அந்த நீண்ட கைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஐயாவின் கைகளும் தாமாக நீளும். எங்கள் சின்ன கோல் காவலன் ஒருவன் பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான். ஐயா ஒரு வாரம் அவனைத் தன் பக்கத்தில் நிறுத்திவைத்து, “பந்தைப் பார், தம்பி, உதைக்கிறவன் முகத்தைப் பார்க்காதே” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இப்போது அவன் நெஞ்சை நிமிர்த்திப் பந்தின்மேல் பாய்கிறான். மாதக் கட்டணம் வாங்கும் எந்தப் பயிற்சி மையத்தில் இப்படி ஓர் ஐயா கிடைப்பார்?

எங்கள் அப்பா வளர்ந்தது ரப்பர் தோட்டத்தில். தோட்டம் என்றால் கோயில் இருக்கும், பள்ளி இருக்கும், திடலும் இருக்கும். மாலையில் ரப்பர் பால்வாளியைக் கழுவி வைத்துவிட்டு நேராகத் திடலுக்குப் போவார்கள். அடுத்த தோட்டத்து அணி லாரியில் ஏறி வரும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்கள் ஆனபோது மக்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். திடல் அவர்களோடு வரவில்லை. 1998 காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகத் தேசிய அரங்கம் எழுந்த புக்கிட் ஜாலிலும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். அந்த அரங்கத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குப் பெருமையும் வயிற்றெரிச்சலும் ஒன்றாகவே வருகின்றன.

பெரிய அணிகளுக்கும் இந்தத் தொல்லை உண்டு. சிலாங்கூர் அணி ஆடிவந்த ஷா ஆலாம் அரங்கம் 1994-இல் திறக்கப்பட்டது. பாதுகாப்புக் காரணத்தால் 2020-இல் அணி அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. அவர்களுக்குப் பெட்டாலிங் ஜெயா அரங்கம் கை கொடுத்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019-இல் சூப்பர் லீக்கில் இறங்கியபோது எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி முன் இடம் கிடைக்காது. 2022 பருவத்தோடு அந்த அணி லீக்கிலிருந்து விலகியது. அந்த வெற்றிடம் நிரம்ப வேண்டுமானால் பிள்ளைகள் எங்கேயாவது உதைக்கத் தொடங்கியாக வேண்டும். அந்த எங்கேயாவது, அவர்கள் வீட்டுப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறேன்.

பொருளாளர் தம்பி நகரத்துக்கு வெளியே ரவாங் பக்கம் ஒரு திடலைக் கண்டுபிடித்திருக்கிறார். நீளம், அகலம், விளக்கு, உடை மாற்றும் அறை, எல்லாமே இருக்கின்றன. “அக்கா, கழகம் வளர வேண்டுமா வேண்டாமா?” என்று கூட்டத்தில் என்னைப் பார்த்துக் கேட்டார். நல்ல பிள்ளை, கழகத்துக்காகத் தன் சம்பளத்திலிருந்தே பந்து வாங்கிக் கொடுப்பவர். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு நட்பு ஆட்டத்துக்குப் போனபோது என்ன நடந்தது? ரயிலில் போனால் இடையில் மாற வேண்டும், இறங்கிய பிறகு வண்டி பிடிக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் மட்டுமே உள்ள குடும்பங்கள் தயங்கின. பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் வரவில்லை. “ராத்திரி யார் கூட்டிக்கொண்டு வருவது, அக்கா?” என்று ஒரு தாய் கேட்டார். துப்புரவு வேலையின் இரவு முறைக்குப் போகிறவர் அவர். அவருக்கு என்னிடம் பதில் இல்லை. அதே சிறுமி பின்கட்டுத் திடலுக்கு வருகிறாள். அவள் பாட்டி நான்காவது மாடித் தாழ்வாரத்தில் நின்றபடியே அவளைப் பார்த்துக்கொள்கிறார். யாரையும் துணைக்கு அனுப்பத் தேவையில்லை.

இரண்டு கூட்டங்கள் காரசாரமாகப் போன பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம். இளையோர், மூத்தோர், அடித்தட்டுக் காற்பந்து ஆகியவற்றுக்குத் திடலின் அளவைச் சுருக்கிக்கொள்ள அனைத்துலக விதிகளிலேயே இடம் இருக்கிறது. தேசியச் சங்கங்கள் அதை அனுமதிக்கலாம். ஆகவே சிறுவர் அணியும் பெண்பிள்ளைகள் அணியும் பின்கட்டுத் திடலைச் சொந்தத் திடலாகக் கொள்ளும். பயிற்சி எல்லோருக்கும் அங்கேதான். இளைஞர் அணியின் லீக் ஆட்டங்களுக்கு மட்டும் ரவாங் திடலை வாடகைக்கு எடுப்போம். தம்பிக்கு முழுத் திருப்தி இல்லை; எனக்கும்தான். ஆனால் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பியாகிவிட்டது.

இனி வேலை இருக்கிறது. திடல் அனுமதிக் கடிதத்தோடு குடியிருப்பாளர்களின் கையெழுத்துகளையும் இணைத்திருக்கிறோம். பக்கத்துச் சிறு தொழுகை இல்லமான சூராவின் நிர்வாகத்திடமும் பேசி, அந்தி நேர மஃரிப் தொழுகை அழைப்புக்கு முன்பே ஆட்டத்தை முடிப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம். கடைசி வரிசையில் கார் நிறுத்தும் அண்ணன்மார் சனிக்கிழமைகளில் வேறு பக்கம் நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு வடக்குக் கோல் வாயிலில் மணல் நிரப்பப் போகிறோம். மணல் வந்துவிட்டது, மண்வெட்டிகளும் இருக்கின்றன. செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கம் இருப்பவர்கள் யாரிடமாவது ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி இருந்தால் கொண்டுவாருங்கள். காலைச் சாப்பாடு எங்கள் பொறுப்பு.