பிரின்ட் மட்டும்தான் அண்ணே

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் பேனர், பன்டிங் (நெட்டுவாக்கில் தொங்கவிடும் சிறு பேனர்) அடிக்கும் கடையில் உட்கார்ந்தால் அடிக்கடி காதில் விழும் வாசகம் இது: "ஏஐ-ல படம் போட்டாச்சு அண்ணே. பிரின்ட் மட்டும்தான்." சொன்ன கையோடு கைப்பேசியை நீட்டுவார்கள். திரையில் ரசிகர்களின் தலைவர், அதாவது அபிமான நடிகர், சிம்மாசனத்தில் வீற்றிருப்பார். காலடியில் சிங்கம், முதுகுக்குப் பின்னால் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம், மேலே மின்னல். உள்ளங்கை அளவுக்கு அமர்க்களமாகத்தான் இருக்கும். இரண்டடிக்கு ஐந்தடியாக அடித்துத் தொங்கவிட்டால் எப்படி இருக்கும் என்பது வேறு கதை. அந்த "மட்டும்தான்"-க்குள் பெரும்பாலும் ஒரு மணி நேர வேலை ஒளிந்திருக்கிறது. சில சமயம் அரை நாள்.

ரசிகர் வேலைக்கென்று ஒரு நாள்காட்டி உண்டு. ஜனவரியில் பொங்கலும் 17-ஆம் தேதி எம்.ஜி.ஆர். பிறந்தநாளும், ஜூன் 22 விஜய், நவம்பர் 7 கமல், டிசம்பர் 12 ரஜினி. இடையிடையே புதுப்பட ரிலீஸ். முன்பெல்லாம் இதற்குப் படம் வெட்டி ஒட்டித் தருவது கடைக்காரர் பாடு. 2022 ஆகஸ்டில், சொன்னதைப் படமாக வரையும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் செயலி வெளியானபோது, நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருந்த சில இளைஞர்கள் வீட்டிலேயே படம் போட்டுக்கொண்டு வந்தார்கள். 2025 மார்ச்சில் சாட்ஜிபிடிக்குள் புதிய பட வசதி வந்தபிறகு எல்லோருமே கொண்டுவருகிறார்கள், தாத்தா பாட்டி உட்பட. நல்லதுதான். ஆனால் படம் எங்கே உடையும், ஏன் உடையும் என்பது தெரிந்தால் இரு தரப்புக்கும் அலைச்சல் குறையும்.

முதலில் கணக்கு. அந்த வகைச் செயலிகள் நெட்டுவாக்கில் தரும் படம் பெரும்பாலும் 1024-க்கு 1536 புள்ளி. பன்டிங்கின் அகலம் 24 அங்குலம். 1024-ஐ 24-ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 43 புள்ளிகூட வராது. பன்டிங்கை ஏழெட்டு அடி தள்ளி நின்று பார்ப்பார்கள் என்பதால் 100 இருந்தால் போதும். பத்தடி பேனருக்கு 72 போதும். கையில் பிடித்துப் பார்க்கும் ஏ4 தாளுக்குத்தான் 300 வேண்டும், அதாவது 2480-க்கு 3508. ஆக எதுவாயினும் பெரிதாக்கியே ஆகவேண்டும்.

அடுத்தது விகிதம். 1024-க்கு 1536 படத்தை 24 அங்குல அகலத்தில் வைத்தால் உயரம் 36 அங்குலம்தான். பன்டிங் 60 அங்குலம். மிச்சம் 24. இதை நிரப்ப ரசிகர் செய்யும் முதல் காரியம் படத்தை இழுப்பது. தலைவருக்கு ஒட்டகக் கழுத்து வந்துவிடும். இழுக்கவே வேண்டாம். அந்த இரண்டடியை வாழ்த்துக்கும் ரசிகர் மன்றத்தின் பெயருக்கும் விட்டுவிட்டால் பன்டிங் தானாக அமைந்துவிடும். முழுநீளப் படம்தான் வேண்டும் என்றால், கீழே தரையையும் மேலே வானத்தையும் மட்டும் செயலியை விட்டு நீட்டச் சொல்லலாம். ஆளைத் தொடவிடக் கூடாது. மேலும் கீழும் பிவிசி குழாய் நுழையும் மடிப்புக்கு மூன்று அங்குலம் போய்விடும். கிரீடமோ காலணியோ அதற்குள் மாட்டிக்கொள்ளாமல் பார்க்கவேண்டும்.

கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்வது வழக்கம். அப்படியும் பாதிப்பேர் ஸ்கிரீன்ஷாட்தான் அனுப்புகிறார்கள், மேலே பேட்டரி அளவு தெரிய.

இனிப் படத்தின் உள்ளே. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்றவை படத்தை அப்படியே வரைவதில்லை. எட்டுக்கு எட்டுப் புள்ளிகளை ஒரு கட்டமாகச் சுருக்கி, அந்தச் சுருக்கத்துக்குள் வரைந்து, பிறகு விரிக்கின்றன. ஆகவே எட்டுப் புள்ளிக்குள் அடங்கும் எதுவும் தப்பிப் பிழைப்பது அரிது. கூட்டத்தில் தூரத்து முகங்கள் மாவாகப் பிசைந்திருப்பது இதனால்தான். விரல்கள் குழம்புவதும், நெற்றியின் மூன்று திருநீற்றுக் கோடு நான்காகிவிடுவதும், ஒரு காதில் கடுக்கனும் மறுகாதில் வேறேதோவும் தொங்குவதும், செயலி எண்ணிப் பார்க்காமல் சாயலை மட்டும் பிடிப்பதால். இரட்டைக் கோபுரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அசல் கோபுரத்துக்கு 88 மாடி, இணைப்புப் பாலம் 41, 42-ஆம் மாடிகளில், அதாவது ஏறக்குறைய நடுவில். செயலி அதை உச்சியில் கட்டும், அல்லது இரண்டு பாலம் கட்டும். சென்னையில் இருப்பவர் கவனிக்கமாட்டார். இங்கே தினமும் எல்ஆர்டி ரயில் ஜன்னலில் அதைப் பார்க்கிறவன் சிரித்துவிடுவான்.

திருத்தும் முறை எளிது. பழுதான பகுதியை மட்டும் சதுரமாக வெட்டி 1024-க்குப் பெரிதாக்க வேண்டும். அந்த அளவில் அதை மட்டும் மறுபடி வரையவைத்து, சுருக்கி, பழைய இடத்தில் ஒட்டவேண்டும். பழைய படத்தை எவ்வளவு மாற்றலாம் என்பதற்கு 0-லிருந்து 1 வரை ஒரு வலு உண்டு. முகமென்றால் அது 0.3-லிருந்து 0.4 வரை. 0.6-ஐத் தாண்டினால் தலைவர் போய் அவர் தம்பி வந்து உட்கார்ந்திருப்பார். பெரிதாக்கும் மென்பொருளை ஓட்டுவது இதற்கெல்லாம் பிறகு, கடைசியில். முன்னாலேயே ஓட்டினால் ஆறாவது விரலுக்கு நகம்கூடத் துல்லியமாக முளைத்துவிடும். நான்கு மடங்கு பெரிதாக்கியதில் தோல் மெழுகுபோல வழவழப்பாக வந்திருந்தால், இரண்டு மூன்று சதவீதம் மணல் தூவினாற்போல நுண்புள்ளி சேர்த்தால் தெளியும்.

முகச்சாயல்தான் மன்றத்தினர் மிகவும் மனம் உடையும் இடம். "அவர் மாதிரிதான் இருக்கு, ஆனா அவர் இல்ல." காரணம், செயலி பல படங்களின் பொதுவான சாயலைத்தான் பிடிக்கிறது. மச்சத்தையும் கோணல் புன்னகையையும் சமன்செய்து விடுகிறது. இதற்காகச் சிலர், குறிப்பிட்ட முகத்தைச் செயலிக்குக் கற்றுத்தரும் லோரா என்ற சிறு பயிற்சிக் கோப்பை வீட்டுக் கணினியிலேயே செய்கிறார்கள். பதினைந்து இருபது படம் போதும். நூறு படம் கொட்டுவதால் லாபமில்லை. பிழை நேர்வது வேறிடத்தில். இருபதும் ஒரே படத்தின் ஸ்டில்கள், எல்லாவற்றிலும் கறுப்புக் கண்ணாடி என்றால், கண்ணாடியும் முகத்தின் பகுதி என்றே அது கற்றுக்கொள்ளும். பிறகு கழற்று என்று எத்தனை முறை சொன்னாலும் கழற்றாது. எம்.ஜி.ஆரின் வெள்ளைத் தொப்பியும் அப்படித்தான். ஒவ்வொரு படத்துக்கும் எழுதும் குறிப்பில் "கறுப்புக் கண்ணாடி அணிந்திருக்கிறார்", "வெள்ளைத் தொப்பி" என்று சொல்லிவிட்டால் அது முகத்திலிருந்து பிரிந்து நிற்கும். எது மாறவேண்டுமோ அதை எழுதவேண்டும், மாறாததை எழுதவேண்டாம். அதிக நேரம் பயிற்சி கொடுத்தாலும் கெடும். எல்லாப் படத்திலும் ஒரே முறைப்பு வரும். பயன்படுத்தும்போது லோராவின் வலுவை 0.7, 0.8-இல் வைப்பது நலம்.

தமிழ் எழுத்தைச் செயலியிடம் கேட்காதீர்கள். இதை மட்டும் கடைச் சுவரில் எழுதி ஒட்டலாம். அதற்கு எழுத்துத் தெரியாது, எழுத்தின் உருவம் மட்டுமே தெரியும், அதுவும் அரைகுறையாக. அது படித்த படங்களின் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலம். புதிய செயலிகள் "வாழ்த்துகள்" போன்ற ஒற்றைச் சொல்லை ஓரளவு எழுதுகின்றன. ஆனால் சில சமயம் புள்ளியை விழுங்கிவிடும். வாழததுகள. மூன்று புள்ளி போனால் வாழ்த்து வசவாகாது, ஆனாலும் மண்டப வாசலில் தொங்கவிட முடியாது. எழுத்துக்கு இடம் விட்டுப் படத்தை மட்டும் வாங்கி, எழுத்தைப் பிறகு தட்டச்சுவதே வழி.

தட்டச்சிலும் ஒரு பொறி உண்டு. போட்டோஷாப்பில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்ற தேர்வு இயங்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். "வாழ்த்துகள்" என்பதில் கொம்பே இல்லாததால் எல்லாம் சரியென்று தோன்றும். "பொங்கல்" என்று அடித்த பிறகுதான் குட்டு வெளிப்படும். சங்கங்கள் தரும் பழைய கோப்புகள் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் இருக்கும். அவற்றை வெட்டி ஒட்டினால் ஆங்கிலக் குப்பை வரும், மாற்றியில் போட்டு எடுக்கவேண்டும். 1985-இலேயே முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கிய நாடு இது. தமிழ் எழுத்து கணினியில் உடைந்தால் இங்கே பார்ப்பவர்களுக்குக் கோபம் சற்று அதிகம்தான் வரும். வரிக்கு வரி இடைவெளியை எழுத்தின் அளவில் 130 சதவீதமாக வையுங்கள், இல்லையேல் மேல்வரியின் "கூ" கீழ்வரியின் "கீ" தலையில் இடிக்கும். அச்சுக்கு அனுப்புமுன் எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிவிடவேண்டும், அப்போதுதான் அந்த எழுத்துரு இல்லாத கணினியிலும் உடையாது.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. செயலிகளுக்கு ஊதாவும் மின்நீலமும் உயிர். மையில் அந்த நிறமே கிடையாது. திரையில் ஒளிர்ந்தது பேனரில் அடிபட்ட கன்றல்போல வரும். ஆகவே அச்சு மைகளின் நான்கு நிற முறையான சிஎம்ஒய்கே-யில் மாற்றிக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்கவேண்டும். கறுப்புப் பின்னணிக்குக் கறுப்பு மை மட்டும் 100 போட்டால் சாம்பலாகத் தெரியும். நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற வரிசையில் 60, 40, 40, 100 போட்டால் ஆழமாக இறங்கும். நான்கு மையும் சேர்ந்து 300-ஐத் தாண்டினால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் காயாமல், சுருட்டியதும் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது எழுத்து வேலை. பன்டிங்குக்கு நான்கு வரி, மன்ற மலருக்கு ஒரு பக்கக் கவிதை, கொஞ்சம் ஆசை அதிகமென்றால் தலைவரைக் கதாநாயகனாக வைத்து ஒரு சிறுகதைப் புத்தகம். சாட்ஜிபிடி தரும் கவிதையில் வரிக் கடைசிகள் ஒத்துப்போகும். தமிழ்க்காது தேடுவது வரியின் தலையை. எதுகை இரண்டாம் எழுத்தில், மோனை முதல் எழுத்தில். "வண்ணம்", "எண்ணம்" நிற்கும். "கானம்", "மனம்" நிற்காது, முதலெழுத்து ஒன்று நெடில், ஒன்று குறில். இலக்கணம் படிக்காத பேனர்க்காரருக்கும் இது காதால் தெரியும். எதுகை வேண்டும் என்று செயலியிடம் சொன்னாலும் பெரும்பாலும் தவறாகவே தரும். நான்கு வரியின் முதற்சொற்களை நாமே எழுதிக்கொடுத்து மிச்சத்தை நிரப்பச் சொன்னால் தேறும். நாற்பது வரி கேட்டு நான்கைப் பொறுக்குவதும் நடக்கிறது, அதில் தவறில்லை. எத்தனையாவது படம், எந்த ஆண்டு வெளியானது என்பதை மட்டும் அதை நம்பிப் போடக்கூடாது. கூசாமல் சொல்லும்.

கதையில் சிக்கல் ஊர். பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நடக்கும் கதை என்று சொன்னாலும் இரண்டாம் பக்கத்தில் ஆலமரத்தடியும் பஞ்சாயத்தும் வந்துவிடும். கித்தா எனும் ரப்பர் மரத்தின் பட்டையைப் பாலுக்காக விடியற்காலையில் வெட்டுவார்கள், வெயில் ஏறினால் பால் குறையும். செயலி உச்சிவெயிலில் வெட்டவைக்கும். வெட்டு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரியும். பட வேலையிலும் இதே பிழைதான், குறுக்கே நேர்க்கோடு போட்டுக் கீழே காப்பிக் குவளையைத் தொங்கவிடும். இதற்கு மருந்து, கதைக்கு முன் அரைப் பக்கக் குறிப்பு. கித்தா, மங்கு (பால் வடியும் கிண்ணம்), பால்வாளி, லயம் (வரிசை வீடு), பெரட்டு (காலை ஆள்கணக்கு), மண்டோர் (மேற்பார்வையாளர்), கிராணி (கணக்கர்) என்று சொற்களைப் பொருளோடு கொடுக்கவேண்டும். யார் யாரை எப்படி அழைப்பார் என்றும் எழுதவேண்டும். இல்லாவிட்டால் ஒரே காட்சியில் மகன் அப்பாவை "நீங்க" என்று தொடங்கி "நீ" என்று முடிப்பான், "அண்ணே" என்பது "சகோதரரே" ஆகும். தமிழ் எழுத்தை இந்தச் செயலிகள் ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக நறுக்குவதால் நினைவும் சீக்கிரம் நிரம்பும். ஐந்தாம் அத்தியாயத்தில் அத்தை சித்தியாவது அதனால்தான். அறுநூறு எழுநூறு சொல்லாகக் கேட்டு, ஒவ்வொரு முறையும் குறிப்பை மறுபடி ஒட்டுவது நல்லது.

ஒன்றைக் கவனிக்கலாம். இந்தக் குறிப்பை எழுத ரசிகர் பாட்டியிடம் கேட்கப் போவார், பழைய புகைப்படத்தைத் தேடுவார், மச்சம் எந்தக் கன்னத்தில் என்று மன்றத்துக்குள் சண்டை போடுவார். பொத்தானை அழுத்தியபோது இல்லாத உற்சாகம் அப்போதுதான் முகத்தில் தெரிகிறது. கடையில் நின்று பார்ப்பவர்களுக்கு இது நல்ல வேடிக்கை.

"அவர் குரலில் வாழ்த்து" என்ற கோரிக்கையும் வருகிறது. அதைச் செய்துதராமல் இருப்பதே நல்லது. 2024-இல் ஏ.ஆர்.ரகுமான் மறைந்த இரு பாடகர்களின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் கொண்டுவந்தபோது குடும்பங்களின் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாக அறிவித்தார். 2023 ஜனவரியில் ரஜினிகாந்த் தரப்பு, அவர் பெயரையும் உருவத்தையும் குரலையும் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பொது அறிவிப்பே விட்டது. மண்டபத்துக்குள் மாட்டிக் கேக் வெட்டுவது ஒன்று, டி-சட்டையில் அடித்து விற்பது வேறொன்று. கடைக்காரர் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டியது இது. சாலையோரத்தில் கட்டுவதென்றால் மாநகர் மன்ற அனுமதி தனி.

எல்லாம் முடிந்தபின் ஏ4 தாளில் ஒரு மாதிரி அடித்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பார்க்கவேண்டும். படத்தை உருவாக்கியவர் பார்த்துப் பயனில்லை. இரவு முழுக்க அதையே பார்த்த கண்ணுக்கு ஆறு விரலும் ஐந்தாகத் தெரியும். மன்றத்தில் வயதான ஒருவரை அழைத்துவந்து, எழுத்தை அவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லவேண்டும். அவர் எங்கே தடுக்கி நிற்கிறாரோ அங்கே ஒரு புள்ளி குறையும். அவர் கையெழுத்துப் போட்ட தாள் கடையில் இருக்கட்டும், பன்டிங்கை எடுத்துப் போகும்வரை.