இரண்டாம் இரவைத் தேடி மூன்று வாரம்

நேற்று விடிகாலை மெயில் வந்தது. நான் அளந்து அனுப்பிய சிறுகோளுக்குத் தற்காலிகப் பெயர் கொடுத்துவிட்டார்கள். முதலில் 2014 என்ற ஆண்டு, அடுத்து ஆகஸ்ட் பிற்பாதியைக் குறிக்கும் 'க்யூ' எழுத்து, அதற்கப்புறம் ஒரு எழுத்தும் எண்ணும். நான்கைந்து தடவை படித்துவிட்டு அம்மாவை எழுப்பிக் காட்டினேன். சிலி நாட்டில் செரோ டொலோலோ மலைமேல் யாரோ வேறு எதற்கோ எடுத்த படத்தில் இத்தனை வருடமாக இருந்த ஒரு புள்ளி அது. இந்த இடத்துக்கு வருவதற்குள் அதை இரண்டு முறை கிட்டத்தட்டத் தொலைத்துவிட்டேன், அந்தப் பதற்றம் இன்னும் அடங்கவில்லை.

ஐஏஎஸ்சி என்ற சர்வதேச அமைப்பு மாணவர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் நடத்தும் சிறுகோள் தேடல் முகாம்களில் கலந்துகொண்டு, ஹவாயில் உள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கியின் படங்களை அஸ்ட்ரோமெட்ரிகா என்ற அளவீட்டு மென்பொருளில் மாற்றி மாற்றி ஓடவிட்டுப் பழகி, அடுத்து நாமே தொலைநோக்கிகளின் பழைய படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் காப்பகத்தில் இறங்கித் தேடலாமே என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முகாமில் படங்களைத் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தி, கையில் கொடுத்துவிடுவார்கள். காப்பகத்தில் அப்படி யாரும் கொடுக்க மாட்டார்கள். எந்த இரவு, எந்தத் திசை, எந்த மூன்று படம் என்பதெல்லாம் நம் பொறுப்பு.

நான் எடுத்துக்கொண்டது டார்க் எனர்ஜி கேமராவின் படங்கள். 4 மீட்டர் பிளாங்கோ தொலைநோக்கியில் பொருத்திய 570 மெகாபிக்சல் கேமரா, 62 சில்லுகள், ஒரே படத்தில் சுமார் 3 சதுர பாகை வானம். குறிப்பிட்ட காலம் முடிந்ததும் படங்களைப் பொதுவில் வைத்துவிடுகிறார்கள், காசு கிடையாது. ஆகஸ்ட் கடைசியில் சூரியனுக்கு நேர் எதிரே கும்ப ராசி வரும், அந்தப் பக்கம்தான் சிறுகோள்கள் நன்றாக வெளிச்சமாக இருக்கும் என்பதால் அங்கே எடுத்த படங்களைத் தேடிப் பிடித்தேன். இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் தரவிறக்கத்தில் ஆரம்பித்தது. சுருக்கிய பிறகும் ஒவ்வொரு படமும் நூற்றுக்கணக்கான எம்பி. என்னிடம் இருப்பது ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி மொபைல் டேட்டா. திருநெல்வேலியில் ஒரு நண்பனின் அலுவலகத்தில் நல்ல இணைய இணைப்பு உண்டு, ராத்திரி போட்டுவிட்டால் காலையில் இறங்கியிருக்கும் என்றான். தென்காசியிலிருந்து பஸ் ஏறிப் போனேன். அவன் நல்ல மனதோடு எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டி வைத்திருந்தான். நான் கொண்டுபோன பென் டிரைவ் பழைய முறையில் ஃபார்மேட் செய்தது, 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. காப்பி ஆகவில்லை என்ற செய்தி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அவனுக்கோ மீட்டிங், கணினியை என்னிடம் விட முடியாத நிலை. வெறுங்கையோடு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். போவதற்கு முன் டிரைவை எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் படங்களைத் தனித்தனியாகவே வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, 'எஃப்இசட்' என்று முடியும் கோப்புகளை ஃபன்பேக் என்ற கருவியை வைத்து விரித்து, சில்லு சில்லாகப் பிரித்த பிறகுதான் அளவீட்டு மென்பொருளில் ஏற்றினேன். அதற்கே எனக்கு இரண்டு நாள் போயிற்று.

இந்தச் சமயத்தில் ஒரு குழுவில் சந்தேகம் கேட்டேன். பல வருட அனுபவம் உள்ள ஒருவர், "அந்தப் பகுதியெல்லாம் சலிச்சு முடிச்சாச்சு, வேற வேலை இருந்தா பாருங்க" என்று பதில் போட்டார். அன்று முழுக்க மனசு சரியில்லை. தெரிந்த சிறுகோள்களின் எண்ணிக்கை 13 லட்சத்தைத் தாண்டிவிட்டது என்பது உண்மைதான், நான் முதல் வாரத்தில் கண்டுபிடித்ததாக நினைத்த ஒன்பதும் தெரிந்த சிறுகோள்களோடு ஒப்பிட்டுக் காட்டும் எம்பிசெக்கரில் போட்டுப் பார்த்தால் ஏற்கெனவே பெயர் உள்ளவை. ஆனாலும் 4 மீட்டர் கண்ணாடி பார்க்கும் மங்கலான பொருள்கள் எல்லாவற்றையும் சிறிய தொலைநோக்கிகள் பார்த்திருக்க முடியாது. 22ஆம் ஒளித்தரத்துக்குப் (எண் கூடக்கூட மங்கல்) பக்கத்தில் போய்த் தேடினால் இடம் இருக்கிறது.

பத்தாவதாகக் கிடைத்தது எந்தப் பட்டியலிலும் இல்லை. மூன்று படம், மொத்தம் 20 நிமிட இடைவெளி. மங்கலான சாம்பல் நிறப் பொட்டு ஒன்று நிமிடத்துக்கு அரை விகலைக்குச் சற்று மேல் என்ற வேகத்தில் மேற்கே நகர்கிறது. (பஞ்சாங்கத்தில் வரும் அதே கலை, விகலைதான்: ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை.) 20 நிமிடத்தில் மொத்தமே 11 விகலை, திரையில் நாற்பது பிக்சல் சொச்சம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள முக்கியப் பட்டையில் இருக்கும் சிறுகோளுக்கு உரிய வேகம். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆனால் ஒரே இரவின் அளவுகள் மட்டும் இருந்தால் பெயர் கிடைக்காது. சிறுகோள் அளவுகளைச் சேகரித்துப் பெயர் கொடுக்கும் மைனர் பிளானட் சென்டர் அதைத் தனித்துண்டுகளின் கோப்பில் போட்டு வைக்கும், அங்கே லட்சக்கணக்கான துண்டுகள் ஜோடி சேராமல் கிடக்கின்றன. பக்கத்தில் இன்னொரு இரவிலும் அதே பொருளைப் பிடித்துக் காட்ட வேண்டும். மூன்று நாள் கழித்து அதே பக்கம் எடுத்த படங்கள் காப்பகத்தில் இருந்தன. ஃபைண்ட் ஆர்ப் மென்பொருளில் என் மூன்று அளவுகளையும் கொடுத்து, மூன்று நாளில் எங்கே போயிருக்கும் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்தைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் ஒரு கலை தூரம் தேடினேன். இல்லை. மாறுபாட்டைக் கூட்டிக் குறைத்தேன், படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பார்த்தேன், இல்லை. வேலை முடிந்து வந்து தினமும் இரண்டு மணி நேரம், இப்படி மூன்று வாரம். கேமராவில் பட்டுப் பொய்ப் புள்ளி விடும் காஸ்மிக் கதிர் மூன்று படத்திலும் தற்செயலாக ஒரே கோட்டில் விழுந்திருக்கும், நாம் ஏமாந்துவிட்டோம் என்று முடிவுகட்டி, அந்தக் கோப்புறையை அழிக்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

அழிப்பதற்கு முன் கோயம்புத்தூர் அண்ணா ஒருவருக்கு அளவுகளை அனுப்பினேன். என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர், பழைய படங்களை அளப்பதில் கைதேர்ந்தவர். அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். "தம்பி, நடுப் புள்ளி மட்டும் 0.2 விகலை விலகி நிக்குதே, பாத்தீங்களா?" பார்த்தேன் அண்ணா, மங்கலாக இருப்பதால் இருக்கும் என்று நினைத்தேன் என்றேன். "நேரத்தை எங்கிருந்து எடுத்தீங்க? மூணு படமும் ஒரே எக்ஸ்போஷரா?"

அப்போதுதான் படக் கோப்பின் தலைப்பில் எடுத்த விவரங்களை எழுதியிருக்கும் ஹெட்டரைத் திறந்து பார்த்தேன். முதல் இரண்டு படமும் 40 விநாடி. மூன்றாவது 200 விநாடி. ஹெட்டரில் எழுதியிருப்பது ஷட்டர் திறந்த கணம், நமக்கு வேண்டியதோ எக்ஸ்போஷரின் நடு நேரம். என் மென்பொருளில் வேறு படங்களுக்காக முன்பு வைத்த அமைப்பு அப்படியே இருந்தது, ஹெட்டர் நேரத்தையே நடு நேரம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆக முதல் இரண்டில் 20 விநாடி பிழை, மூன்றாவதில் 100 விநாடி பிழை. இடையில் உள்ள 80 விநாடி வித்தியாசம் சிறுகோளின் வேகத்தை 7 சதவீதம் கூட்டிக் காட்டிவிட்டது. மூன்று நாளில் அது போக வேண்டிய தூரம் சுமார் 40 கலை. அதில் 7 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 3 கலை. நான் மூன்று வாரம் தேடியது அது இல்லாத இடத்தில்.

அண்ணா இன்னொரு சோதனையும் சொல்லிக்கொடுத்தார், இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்திலேயே சுற்றுப்பாதை உறுதியாகி எண் வாங்கிய பழைய சிறுகோள் ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும். முதலில் அதை அளந்து, அது இருக்க வேண்டிய இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நகரும் திசையிலேயே விலகல் வந்தால் கடிகாரம் தப்பு. நான் அளந்த பழைய சிறுகோள் 40 விநாடிப் படங்களில் 0.2 விகலையும் 200 விநாடிப் படத்தில் 0.9 விகலையும் விலகி நின்றது. கணக்கு அப்படியே பொருந்தியது.

அமைப்பை மாற்றி, திரும்ப அளந்து, புது இடத்தைக் கணக்கிட்டுப் பக்கத்து இரவின் படத்தைத் திறந்தேன். கணித்த இடத்திலிருந்து 20 விகலைகூடத் தள்ளியில்லை, அதே சாம்பல் பொட்டு, அதே வேகம், மூன்று படத்திலும். நாற்காலியிலிருந்து எழுந்து மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தில் 1861 ஏப்ரலில் வானியலாளர் போக்சன் தன் கண்ணால் 67 ஏசியா என்ற சிறுகோளைப் பிடித்தார், ஆசிய மண்ணிலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் என்பதால்தான் அந்தப் பெயர். எந்தப் புள்ளி புதிது என்று தெரிய அவரும் அடுத்தடுத்த இரவுகளில் பார்க்க வேண்டியிருந்திருக்கும். அன்றைக்கு அவர் நினைப்பு வந்தது.

மூன்றாவது இரவு ஒன்றும் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கனடா காப்பக மையத்தின் எஸ்எஸ்ஓஐஎஸ் தேடலில் அளவுகளைக் கொடுத்தால் எந்தெந்தப் பழைய படத்தில் அந்தப் பொருள் விழுந்திருக்கலாம் என்று பட்டியல் தரும். ஒரு படத்தில் சரியாக இரண்டு சில்லுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் போய் விழுந்திருந்தது. இன்னொன்றில் கிடைத்தது.

அனுப்புவதிலும் ஒரு தடவை அடிபட்டேன். ஒவ்வொரு அளவையும் 80 எழுத்து வரியாக, ஒவ்வொன்றையும் அதனதன் கட்டத்தில் எழுதும் பழைய வடிவத்தில் கையால் ஒரு வரியைத் திருத்தும்போது ஒரு இடைவெளி கூடிவிட்டது, அதற்குப் பின் உள்ள எல்லாமே ஒரு கட்டம் நகர்ந்து, மொத்தமும் திரும்பி வந்தது. புது ஏடிஇஎஸ் வடிவத்திலேயே அனுப்புங்கள், கையால் எதையும் தொடாதீர்கள். தொலைநோக்கியின் குறியீடு (இதற்கு டபிள்யூ84) மட்டும் போதாது, காப்பகப் படங்களை அளப்பவர் தனக்கென்று ஒரு நிரல் குறியீட்டையும் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

வீட்டில் கேட்டார்கள், உன் பெயர் வைப்பார்களா என்று. இல்லை. பல வருடங்கள், பல சுற்றுகள் அளந்து, சுற்றுப்பாதை உறுதியாகி, எண் கொடுக்கும்போதுதான் கண்டுபிடித்தவர் யார் என்று முடிவாகும். தன் பெயரையே வைத்துக்கொள்வதும் வழக்கமில்லை. முகாமில் முதற்கட்டச் சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளிடம் 'சிறுகோளைக் கண்டுபிடித்துவிட்டாய்' என்று சொல்லிவிட்டு, பின்னால் அது வேறு யாருடையதோ என்று தெரிந்து அந்தப் பிள்ளை முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆசிரியர்கள் தயவுசெய்து இதை முதலிலேயே விளக்கிச் சொல்லுங்கள்.

இப்போது அதே சிறுகோளை அடுத்தடுத்த வருடப் படங்களில் தேடிக்கொண்டிருக்கிறேன். 2017இல் ஒரு இரவில் விழுந்திருக்கக்கூடும் என்று பட்டியல் சொல்கிறது. மூன்று படம், மூன்றும் 90 விநாடி. ஹெட்டரை முதலில் பார்த்துவிட்டேன். இன்று ராத்திரி தரவிறங்கிவிடும்.