கள் குடிப்பது பாவமா, சித்தப்பா?

திசையன்விளைப் பக்கம் கள் பேச்சை எடுத்தால் வீடு இரண்டாகும். எங்கள் வீட்டில் சித்தப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இத்தனைக்கும் நான் எந்தக் குடியையும் தொட்டதில்லை. குடித்தவர் பக்கத்தில் பஸ்ஸில் உட்காரக்கூடப் பிடிக்காது. ஆனாலும் "கள்ளு குடிக்கது பாவம்ட்டி, அதுல பேச்சே கிடையாது" என்று அவர் முடிக்கும்போது என் வாய் சும்மா இருக்காது.

சித்தப்பா எங்கள் சர்ச்சின் சேகரக் கமிட்டியில் இருந்தவர். கானாவூர்க் கல்யாணத்தில் இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கினாரே என்றால், "அது வேற, இது வேற" என்பார். எப்படி வேறு என்று மட்டும் சொல்லமாட்டார்.

என் கேள்வி பனையடியிலேயே இருக்கிறது. தாத்தா பனையேறி. பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார். அந்தச் சுண்ணாம்புதான் சாற்றைப் புளிக்கவிடாது. காலையில் இறக்கினால் பதனீர். சித்திரை வெயிலில் ஓலைப்பட்டையில் நுங்கு போட்டுக் குடித்தால், அடடா! மிச்சம், பதனீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் காய்ந்து கருப்பட்டியாகும். சுண்ணாம்பு தடவாவிட்டால் அதே பாளை, அதே சாறு, தானாகவே கள். யாரும் எதையும் சேர்க்கவில்லை. அப்படியென்றால் பாவம் எதில் இருக்கிறது? தடவாமல் விட்ட சுண்ணாம்பிலா?

அடுத்து வள்ளுவரைக் கூப்பிடுவார். கள்ளுண்ணாமைக்குப் பத்துக் குறள் இருக்கிறதுதான். பெற்ற தாய் முகத்திலேயே துன்பம் தருகிற களிப்பு, சான்றோர் முன் என்னவாகும் என்று அதில் ஒன்று கேட்கிறது. அந்தத் தாய் முகம் எனக்குத் தெரியும். சம்பள நாள் ராத்திரி எந்த வீட்டில் பாத்திரம் உருளும் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் அங்கே உள்ளே போனது கள்ளில்லை, கடைச் சரக்கு.

தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. 2003 கடைசியிலிருந்து சில்லறைக் கடை வைத்து பிராந்தி விற்பது அரசின் டாஸ்மாக். புளியரை தாண்டி ஆரியங்காவுப் பக்கம் இறங்கினால், கேரளத்தில் கள்ளுக்கடைக்கு லைசென்ஸே உண்டு. மலையேறி இறங்கினால் பாவம் கரைந்துவிடுமா?

சித்தப்பா கடைசியில்தான் சரியான இடத்தைப் பிடித்தார். "சரிட்டி, நாளைக்கு ஊருக்குள்ள கள்ளுக்கடை வந்தா, குடிகாரன் பொண்டாட்டிக்கு என்ன பதில் சொல்லுவ?" கடை வேண்டாம், இறக்கியவரே மரத்தடியில் அன்றைக்குள் விற்கட்டும் என்றேன். "அதுக்கு யாரு காவல் நிப்பா?"

காவலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம் என்றால் பாவத்தை விட்டு இறங்கிவிட்டோம் சித்தப்பா, என்றேன்.