பிரசங்கம் எழுதி 28 மார்க் வாங்கிய கதை

அஞ்சல்வழி இறையியல் படிப்பில், திருமறையான பைபிளின் நம்பகத்தன்மையும் விளக்கவியலும் (வசனத்துக்குப் பொருள் காணும் முறை) சேர்ந்து வரும் தாளில் முதல் தடவை நான் வாங்கியது 28. பாஸ் ஆக 40 வேண்டும். இதே தாளை எழுதப்போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஞாயிறு பள்ளியில் பத்து வருஷம் பாடம் எடுத்தவன் என்ற மிதப்பில்தான் போனேன். "வேதம் நம்பத்தக்கதா?" என்ற கேள்விக்கு, வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டவை என்னும் 2 தீமோத்தேயு 3:16-இல் ஆரம்பித்து நான்கு பக்கம் எழுதித் தள்ளினேன். வேதத்துக்கு வேதத்தையே சாட்சிக்குக் கூப்பிட்டால், ஏற்கெனவே நம்புகிறவர் ஆமென் சொல்வார்; பேப்பர் திருத்துகிறவர் மார்க் போட மாட்டார்.

இரண்டாவது தடவைக்குக் கைகொடுத்தவர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவர் சிவபக்தர். வேதத்தின் பழைய கையெழுத்துப் படிகளுக்குள் வித்தியாசம் இருப்பதைப் படித்து நான் கலங்கிப்போயிருந்தேன். அவர் சிரித்தார். "தம்பி, உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஊர் ஊராக ஏடு தேடினாரே, எதற்கு? ஒரு ஏடு மட்டும் இருந்தால் அதில் பிழை எதுவென்றே தெரியாது. பத்து இருந்தால் ஒப்பிடலாம். பாடபேதம், அதாவது ஏட்டுக்கு ஏடு சொல் மாறுவது, நூலுக்குக் குறை இல்லை, பதிப்பாசிரியருக்கு வேலை."

அதற்கு அப்புறம்தான் பாடம் விளங்கியது. புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கத்தில் மட்டும் 5,000-க்கு மேல் கையெழுத்துப் படிகள் உண்டு. நிறைய படிகள் இருப்பதால்தான் வேறுபாடுகளும் நிறைய. பெரும்பாலானவை எழுத்துப் பிழை, சொல் இடமாற்றம். பழைய ஏற்பாட்டுக்கு 1947-இல் சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைக்கத் தொடங்கிய சுருள்களை எழுதுங்கள். இன்று முழுதாக இருக்கும் எபிரெயப் படிகளில் மிகப் பழையது கி.பி. 1008-ஐச் சேர்ந்தது, கும்ரானின் பெரிய ஏசாயா சுருள் அதைவிட ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையது. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. 'ஒரு எழுத்துகூட மாறவில்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஏசாயா 53:11-இல் அந்தச் சுருளில் 'ஒளி' என்ற சொல் கூடுதலாக இருக்கிறது. மேடையில் நாம் கேட்டுப் பழகிய மிகைப்படுத்தல் விடைத்தாளில் ஒன்றுக்கும் உதவாது.

எல்லாரும் தவிர்க்க நினைக்கும் கேள்வி 1 யோவான் 5:7. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் ஒன்று என்று வரும் வசனம். மிகப் பிந்திய சில கிரேக்கப் படிகளில் மட்டுமே அது உண்டு. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்ட அறிஞர் எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை, 1522-இல் சேர்த்தார். நான் இதை ஒளிக்காமல் எழுதி, திரித்துவம் (மூவரும் ஒரே கடவுள் என்ற போதனை) இந்த ஒரு வசனத்தில் தொங்கவில்லை என்று, மூவர் பெயரும் சேர்ந்து வரும் மத்தேயு 28:19-ஐக் காட்டினேன். எதிராளி சொல்வதற்கு முன் நாமே சொல்லிவிட்டால் பாதி வாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இன்னொன்று. படி சரியாக நம் கைக்கு வந்திருக்கிறது என்பது வேறு, அதில் சொன்னது நடந்தது என்பது வேறு. இரண்டையும் குழப்பினால் மார்க் போய்விடும். இயேசுவைச் சிலுவையில் அறைய ஒப்புக்கொடுத்த பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-இல் செசரியாவில் கிடைத்தது. அந்தப் பெயரில் ஒரு ரோம அதிகாரி யூதேயாவில் இருந்தார் என்பதற்கு அது சான்று. இயேசுவின் உயிர்த்தெழுதலுக்கு அதைச் சான்றாக இழுக்காதீர்கள்.

விளக்கவியல் பகுதிக்குப் புத்தகத்தைவிட நம் வீட்டுச் சுவரே போதும். புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள்: எழுபது வருஷம் பாபிலோனில் இருக்க வேண்டும். இது பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம்; அதைக் கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். யாருக்கு, எப்போது, எந்த நிலைமையில் எழுதியது என்று கேட்காமல் அட்டையை ஆணியில் மாட்டுகிறோம். எங்கள் வீட்டிலும் அது மாட்டியிருக்கிறது, கழற்றவில்லை; இப்போது பத்தாம் வசனத்தோடு சேர்த்து வாசிக்கிறோம், அவ்வளவுதான்.

கடைசிக் கேள்வி, காலப்போக்கில் மொழி மாறுவதால் பொருள் மாறுபடுவதற்குச் சொந்த உதாரணம் தருக என்பது. அதற்கு முந்தின ஞாயிறுதான், "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால்" என்ற 1 பேதுரு 5:7-ஐ வாசித்தபோது ஒரு பையன், "அங்கிள், கடவுள் ஏன் போலீஸ் மாதிரி விசாரிக்கிறாரு?" என்று கேட்டிருந்தான். அக்கறையாகக் கவனித்துக்கொள்வது என்பதுதான் அங்கே பொருள் என்றேன். பின்வரிசையிலிருந்த அவன் பாட்டி எனக்கு வேலை வைக்கவில்லை. "உங்கம்மாவ விசாரிச்சதா சொல்லுன்னு நான் சொல்லுவேன்ல, அந்த விசாரிப்புடா."

அதை அப்படியே எழுதினேன். இந்தத் தடவை 61.