ஓலைப்பெட்டி

இன்று ஆராதனை முடிந்ததும், இந்த ஒரே சபையில் 30 ஆண்டுகள் போதகராக, மக்கள் வாய்ச்சொல்லில் 'ஐயராக', ஊழியம் செய்ததற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பாட்டி மெல்ல எழுந்து வந்து, பனையோலைப் பெட்டி ஒன்றை என் கையில் வைத்தார்.

உள்ளே நான்கு கருப்பட்டி வட்டுகள் இருந்தன.

"எங்க வீட்டுக்காரர அடக்கம் பண்ணுன அன்னைக்கு, மழையில நனைஞ்சுக்கிட்டே நின்னியளே ஐயரே" என்றார். பனையேறியான அவர் கணவரின் முகம் எனக்கு நினைவிருந்தது; மழை பெய்தது நினைவில் இல்லை.

உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை ஆலயத்துக்கென்று கலயத்தில் எடுத்து வைப்பது நம் திருநெல்வேலிச் சீமைப் பெண்களின் வழக்கம். அந்தக் கைப்பிடி அரிசியால் என் வீட்டு உலையும் பல நாள் கொதித்திருக்கிறது என்பதை இன்று மேடையில் சொல்ல முயன்றேன், குரல் எழவில்லை.

இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் 1847இல் தொடங்கிய ஆலயம் 1880இல்தான் நிறைவுற்றது. அத்தனை ஆண்டுகள் அதற்குக் கல்லும் மண்ணும் சுமந்த ஏழை மக்களை, பாட்டியின் காய்ப்பேறிய கைகளைப் பார்த்தபோது நினைத்துக்கொண்டேன். எனக்குப் போர்த்திய மரியாதை அவர்களுக்கும் இவருக்கும் உரியது.

பொன்னாடையை அங்கேயே பாட்டியின் தோளில் போர்த்திவிட்டு, ஓலைப்பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.