பெயர் சேலத்தில், பிள்ளை தஞ்சாவூரில்

என் தங்கைக்குப் புகுந்த வீடு சேலம் மாவட்டம் என்பதால், கர்ப்பப் பதிவும், அதற்காக அரசு தரும் அடையாள எண்ணான பிக்மி எண்ணும் அங்கேதான் போடப்பட்டன. வளைகாப்பு முடிந்து தஞ்சாவூர்ப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்தவளுக்கு அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம். குழந்தையின் எடை 2.3 கிலோ. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும். எடை 2.5 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் கூடுதல் கவனிப்பும் உண்டு. எங்கள் வாசலுக்கோ ஒருவரும் வரவில்லை. சேலத்துச் செவிலியர்தான் மாப்பிள்ளையை அழைத்து, "வீடு பூட்டிக் கிடக்கிறதே, பிள்ளை எங்கே?" என்று கேட்டிருக்கிறார்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவுப் பிரிவில் இருந்தவர், தாய் சேய் நல அட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "பதிவு எங்கேயோ அங்கேயே போய்க் கேளுங்கள்" என்றார். பச்சை உடம்புக்காரியைச் சேலத்துக்கு அழைத்துப் போக முடியுமா என்று குரலை உயர்த்திய பிறகு, போனால் போகிறதென்று இங்கே புது எண் போட்டுத் தருவதாகச் சொன்னார். அதற்கு மட்டும் யாரும் சம்மதித்துவிடாதீர்கள். பிரசவ விவரம் பழைய எண்ணில் ஏறியிருக்கிறது, பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்தான் வேண்டும் என்னும்போது, இரண்டாவது எண் வந்தால் எந்த மேசையில் என்ன சிக்குமோ!

புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பதால் கிராம சுகாதார செவிலியர் துணை சுகாதார நிலையத்தில் கட்டாயம் இருப்பார். அட்டையையும் மருத்துவமனைச் சீட்டையும் நேரே அவரிடமே நீட்டினோம். பழைய எண்ணையே தம் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார்.

எடை பார்த்தார், ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணினார், பிறகு குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் அம்மாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வயிறு வெதுவெதுப்பாக இருக்க, பாதம் சில்லென்றிருந்தது. "எடை குறைந்த பிள்ளைம்மா, சூடு நிற்காது" என்று சொல்லி, தங்கையின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைத்துப் போர்த்தக் கற்றுக்கொடுத்தார். தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பதை நிறுத்தச் சொன்னதில்தான் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

அதன் பிறகு வருகைகள் தவறவில்லை. ஆறாம் வாரத் தடுப்பூசியும் இங்கேயே போட்டாயிற்று. பிரசவத்துக்கு ஊர் மாறுகிறவர்கள், கிளம்பும்போதே அங்குள்ள செவிலியரின் கைபேசி எண்ணை வாங்கிவந்து இங்குள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள். அலுவலகத்தில் யாரும் பதில் சொல்லாவிட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யலாம்.