14.4 கேஇவி நிலையின் ஆயுளை அளக்கும்போது

அணுக்கருவின் கிளர்வுநிலை (கூடுதல் ஆற்றலோடு இருக்கும் நிலை) எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளக்கப் பழகுபவர்களுக்கு இரும்பு-57 தான் ஏற்றது. கோபால்ட்-57 சிதையும்போது முதலில் 122 கேஇவி (கிலோ எலக்ட்ரான்வோல்ட், ஆற்றலின் அலகு) காமா கதிர் வரும். பிறகு அணுக்கரு 14.4 கேஇவி நிலையில் சற்றுத் தங்கி இறங்கும். அந்தத் தங்கலின் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கருக்கள் இறங்க ஆகும் நேரம், 98 நானோநொடி. 122 வந்ததும் கடிகாரத்தைத் தொடங்கி, 14.4 வந்ததும் நிறுத்துகிறோம்.

கஷ்டமெல்லாம் அந்த 14.4இல்தான். உணர்கருவியின் அலுமினிய உறை 1 மில்லிமீட்டர் இருந்தாலே பத்தில் ஒன்பது பங்கை விழுங்கிவிடும். பெரிலியம் சன்னல் வைத்த மெல்லிய சோடியம் அயோடைடு படிகம் வேண்டும். அந்த நிலையிலிருந்து இறங்குவதில் ஏறத்தாழ 10 விழுக்காடே காமாவாக வரும். மீதி ஓர் எலக்ட்ரானை வெளியே தள்ளிவிடும். எண்ணிக்கை போதவில்லையே என்று ஏற்கும் ஆற்றலின் கீழ் வரம்பை இறக்கத் தோன்றும். இறக்கவே கூடாது. இரும்பின் 6.4 கேஇவி எக்ஸ் கதிர் உள்ளே புகும். அதில் ஒரு பகுதி, கோபால்ட் அணுக்கரு தன் அணுவின் எலக்ட்ரானை விழுங்கிச் சிதையும் எலக்ட்ரான் பிடிப்பின்போதே பிறந்தது. நேரத்துக்கு எதிரே எண்ணிக்கையைக் காட்டும் வரைபடத்தின் தொடக்கத்தில் கூர்முனை எழும். அதையும் சேர்த்துக் கோடு போட்டால் ஆயுள் குறைவாக வரும்.

கோபால்ட் கதிர்மூலம் வலுவாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பதும் தவறு. மூலத்தை இரட்டித்தால் உண்மை இணைகள் (ஒரே அணுக்கருவின் 122உம் 14.4உம்) இரட்டிக்கும், தற்செயல் இணைகள் (வெவ்வேறு அணுக்கருக்களுடையவை) நான்கு மடங்காகும். நொடிக்கு 1,000 தொடக்கம், 2,000 நிறுத்தம், கடிகாரம் காத்திருக்கும் வீச்சு 1 மைக்ரோநொடி என்றால் தற்செயலே நொடிக்கு 2. இதைக் கழிக்காவிட்டால் வரைபடத்தின் வால் தட்டையாகி ஆயுள் நீளும். நிறுத்தத் துடிப்பைக் கூடுதலாக 100 நானோநொடி தாமதப்படுத்துங்கள். உண்மை இணைகள் தொடங்குவதற்கு முன்னால் விழுபவை தற்செயல் மட்டுமே.

நேர அளவுகோலைச் சரிபார்க்க ஒரே பல்சரை (மின்துடிப்பு உண்டாக்கும் கருவி) இரு பக்கமும் கொடுத்து, தெரிந்த நீளக் கேபிள்களைச் சேர்க்கலாம். ஆர்ஜி-58 வகைக் கேபிளில் மீட்டருக்கு ஏறத்தாழ 5 நானோநொடி. அளவுகோல் 5 விழுக்காடு பிசகினால் 98, 103 ஆகிவிடும். எத்தனை இரவு எண்ணினாலும் அது திருந்தாது.

கோலாலம்பூரில் இரவு ஓட்டம் தனிப் பிரச்சினை. மாலையில் ஏர்கோனை நிறுத்தும் கட்டடங்களில் அறை சூடேறும், 14.4 உச்சி, நாம் ஏற்கும் ஆற்றல் வரம்பான சாளரத்திலிருந்து நகரும். ஈரம் படிந்த உயர் அழுத்தக் கனெக்டர் போலித் துடிப்புகளைக் கக்கும். தரவை மணிக்கொரு கோப்பாகச் சேமித்து, உச்சி நகர்ந்த மணிகளை மட்டும் நீக்குங்கள். வாலில் பத்தாயிரம் எண்ணிக்கை மிஞ்சினால் பிழை 1 விழுக்காட்டை ஒட்டி நிற்கும்.